பதினான்காம் திகதித் துண்டு

நாவலடிக்குளம்,
22.08.1954

அன்புள்ள தம்பி தவராசாவுக்கு அக்கா அன்னபாக்கியம் எழுதுவது. அத்தானின் கால் வீக்கத்தைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் அருந்ததியும் பிள்ளைகள் மூவரும் அங்கே நலமாக இருக்க முருகன் துணை.

ஒரு நல்ல செய்தி. போன வருஷம் தொண்டையடைப்பான் வந்து என் பசு செத்த பிறகு, வெளிமாடு வருவதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று நான் வீடு வீடாகத் திரிந்தேன் அல்லவா? "அன்னபாக்கியத்துக்கு வேற வேலை இல்லை" என்று சிரித்த ஆம்பிளைகள் எல்லாரும் சென்ற செவ்வாய்க்கிழமை கிராமச் சங்கத்தில் கையை உயர்த்திவிட்டார்கள். இனி வெளியிலிருந்து மாடோ எருமையோ வருவதென்றால், அந்தப் பகுதிக் கால்நடைப் பரிசோதகர் கண்ணால் பார்த்து, தடுப்பூசி போட்டு, கையெழுத்து வைத்த அனுமதித் துண்டு வேண்டும். அதன் பிறகும் எல்லைப் பட்டியில் பதினான்கு நாள் நிறுத்த வேண்டும். மாட்டுக்கு வருத்தம் கண்டால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். மறைத்தவர் இரண்டு போகத்துக்குக் குடியேற்றத்துக்குள் மாடு வைத்திருக்க முடியாது. இதைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான்.

சட்டம் வந்த கையோடு ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. பக்கத்துக் காணி இலட்சுமி, நீ பரிசோதகராக இருக்கும் பகுதியில் ஒரு சோடி எருது வாங்கினாள். நீ ஊசி போட்ட எருதுகள்தாம். துண்டு எடுக்க வந்தபோது நீ சுற்றுப்பயணம் போயிருந்தாயாம். மூன்று நாள் காத்துக் கிடந்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள். புருஷன் இல்லாத பெண், ஐந்து ஏக்கரை ஒற்றை ஆளாகச் செய்கிறவள். நாலு வெறும் துண்டில் கையெழுத்தைப் போட்டு அந்தப் பக்கத்து ஊர்த் தலைமை விதானையாரிடம் கொடுத்து வை. நீ ஊசி போட்ட மாட்டுக்குக் குறியையும் நிறத்தையும் அவர் எழுதிக் கொடுக்கட்டும். சட்டத்தைக் கொண்டுவந்தவளே சனத்தை அலைய விடுகிறாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு உன் அக்கா.


வவுனியா,
05.09.1954

என்றும் அன்புக்குரிய அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம். சின்னவளுக்கு இருமல் இருந்தது, இப்போது பரவாயில்லை. அத்தான் காலைத் தரையில் ஊன்றி அதிகம் நடக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டது எங்கள் விதிக்குப் பொருந்தாது. ஆனால் எனக்கும் ஒரு சைக்கிளும் இருநூறு சதுர மைல் காடும்தான் தந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் நின்றால் இன்னோரிடத்துச் சனம் திட்டுகிறது. உங்கள் சொல்லைத் தட்டாமல் விதானையாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் நம்பிக்கையான மனிதர். இலட்சுமியக்காவை வரச் சொல்லுங்கள்.

அப்பாவின் ஆட்டத்திவசத்துக்கு அக்டோபர் 13ஆம் திகதி மாலை பஸ்ஸில் வந்து 15ஆம் திகதி காலை திரும்புவேன். கத்தரிக்காய்ப் பால்கறி வைக்க மறக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
தவராசா.


நாவலடிக்குளம்,
02.11.1954

அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டில் எல்லாரும் நலம்தானே?

நீ போன பிறகு மழை முந்திக்கொண்டு வந்துவிட்டது. வயலெல்லாம் சேறு. சங்கத் தலைவர் அப்புத்துரை உன் பக்கத்துக் காட்டுப் பட்டியிலிருந்து முப்பத்தாறு எருமைகளைக் கொண்டுவந்து இறக்கினார், வயல் வயலாகச் சேற்றை மிதித்து விதைப்புக்குப் பதப்படுத்திக் கொடுப்பதற்கு. பதினான்கு நாள் வேண்டாம், எல்லைப் பட்டியில் அவை ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. நேரே வயலுக்குள் இறங்கின.

நான் சங்கத்துக்குப் போனேன். "துண்டு கிடக்குது. ஊசி போட்ட எருமை. பட்டியில கட்டி வைச்சால் சேறு காய்ஞ்சு போம். நீர் வந்து மிதிக்கிறீரோ?" என்று அப்புத்துரை கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் துணையாக ஒரு வாய் திறக்கவில்லை. இலட்சுமிகூட, "அக்கா, மழை வந்து நிக்கேக்கை என்ன செய்யிறது? இந்த ஒருமுறை விடுங்கோவன்" என்றாள். எல்லாரும் கையை உயர்த்தியது மழை பெய்யாத நாளுக்குத்தான் போலிருக்கிறது.

நான் போய்ப் பார்த்தேன். எருமைக் கிடாய் ஒன்றுக்கு வாயில் நுரை தள்ளுகிறது. கழுத்தடி தடித்திருக்கிறது. எங்கள் பகுதிப் பரிசோதகர் லீவில் நிற்கிறார். நீ உடனே ஒரு எட்டு வந்து பார். அக்காவுக்காக வராவிட்டாலும், படித்த படிப்புக்காக வா.

அன்னபாக்கியம்.


வவுனியா,
12.11.1954

அன்பு அக்காவுக்கு வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அடை மழை. மூத்தவன் வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறான். அத்தானின் காலுக்கு ஒரு தைலம் இத்துடன் பஸ்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் பூச வேண்டும்.

உங்கள் குடியேற்றம் என் எல்லைக்குள் வராதது. நான் அங்கே வந்து மாட்டைத் தொட்டால் மற்றப் பரிசோதகருக்கு மனத்தாங்கல் வரும். எருமைக்கு வாயில் நுரை தள்ளுவது களைப்பினாலும் இருக்கலாம். அப்புத்துரை அண்ணருடன் வாக்குவாதம் வேண்டாம். நாளைக்கு நீங்கள் அந்த ஊரில் இருக்க வேண்டியவர்கள்.

அருந்ததி உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

தவராசா.


நாவலடிக்குளம்,
21.11.1954

தம்பிக்கு. சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

எங்கள் செம்பன் எருது செத்துவிட்டது. பதினேழாம் திகதி காலை வைக்கோலைத் தொடவில்லை. உடம்பு கொதித்தது. உடனே சங்கத்துக்கு ஓடி, கிளாக்கர் மயில்வாகனத்திடம், "எங்கடை எருதுக்குத் தொண்டை வீங்குது, எழுதுங்கோ" என்று சொன்னேன். "தலைவர் வரட்டும் அக்கா, அவர் சொல்லாமல் நான் எழுதேலாது" என்றார். மத்தியானம் அதன் தொண்டை குடம்போலத் தடித்துவிட்டது. மூச்சு இழுக்கும் சத்தம் வீதி வரைக்கும் கேட்டது. பொழுது படமுன் விழுந்தது. அத்தான் வீங்கிய காலோடு குழி வெட்டினார். நான் சுண்ணாம்பு கொட்டினேன். வாயில்லாச் சீவன், கடைசி வரைக்கும் என் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மயிலை தப்பியிருக்கிறது. ஒற்றை எருதை வைத்து என்ன உழுவது? பாதிக் காணி விதைத்தபடி, பாதி வெறுந்தரை.

ஊரில் பதினொரு வீட்டில் பத்தொன்பது உருப்படி போயிற்று. இலட்சுமியின் சோடியில் இரண்டும் போயிற்று.

இப்போது அப்புத்துரை என்ன சொல்கிறார் தெரியுமா? நோய் என் எருதில்தான் தொடங்கியதாம். நான் மறைத்தேனாம். நான் சொன்னது எங்கும் எழுதப்படவில்லை, அதனால் நான் சொல்லவே இல்லையாம். அந்தச் சட்டத்தில் முதல் வழக்கு என் மேல்.

நான் மயில்வாகனத்தைப் பிடித்து, எருமைகளின் துண்டைக் காட்டச் சொன்னேன். அவருக்கும் மனச்சாட்சி குத்தியிருக்க வேண்டும், காட்டினார். முப்பத்தாறு எருமைகளையும் நேரில் பார்த்து ஊசி போட்டதாக எழுதியிருக்கிறது. கீழே உன் கையெழுத்து. திகதி 14.10.1954.

பதினான்காம் திகதி நீ என் வீட்டில் அப்பாவின் திவசச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நானே பரிமாறினேன். அப்படியென்றால் அந்த எருமைகளுக்கு ஊசி போட்டது யார்? பூசி மெழுகாமல் பதில் எழுது.

அக்கா.


நாவலடிக்குளம்,
08.12.1954

தவராசாவுக்கு.

கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. பதிவுத் தபாலில் போட்டேன். நீ ஒப்பமிட்டு எடுத்த அட்டை என்னிடம் வந்துவிட்டது. அதிலும் வடிவான கையெழுத்துத்தான்.

எனக்குக் கிராமக் கோட்டு நீதிபதியிடமிருந்து கட்டளை வந்திருக்கிறது. சனவரி 20ஆம் திகதி வழக்கு. கேட்டதற்குப் பதில் எழுது.

அன்னபாக்கியம்.


வவுனியா,
19.12.1954

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. கடமை நெருக்கடியால் பதில் சுணங்கிவிட்டது, மன்னிக்கவும். இங்கே குளிர் அதிகம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. தைலம் அத்தானுக்குக் குணம் தந்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

வழக்கைப் பற்றி நான் நன்றாக யோசித்துவிட்டேன். கோட்டில் தலையைக் குனிந்து, தெரியாமல் நடந்துவிட்டது என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள். முதல் பிழை, பெண்பிள்ளை, இரக்கம் காட்டுவார்கள். இரண்டு போகம் என்ன, கண்ணை மூடித் திறக்க ஓடிவிடும். அப்புத்துரை அண்ணர் பெரிய இடத்துத் தொடர்புள்ளவர். அவரோடு முட்டி நாங்கள் என்ன காணப்போகிறோம்?

அந்தத் துண்டைப் பற்றிக் கோட்டில் வாய் திறக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வைக்கச் சொன்னது யார் என்பதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

எல்லாருக்கும் என் அன்பு.

தவராசா.


நாவலடிக்குளம்,
27.12.1954

தம்பிக்கு.

உன் கடைசி வரியை வாசித்துவிட்டு நான் இரண்டு நாள் சமைக்கவில்லை. அத்தான் கஞ்சி வைத்தார்.

ஓம், நான்தான் கேட்டேன். அதை நான் மறக்கவில்லை. செம்பன் விழுந்த அன்றே அது என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் நான் கேட்டது நாலு துண்டு. நீ ஊசி போட்ட மாட்டுக்கு. நீ கொடுத்தது ஒப்பமிட்ட முழுத் துண்டுப் புத்தகம் என்று மயில்வாகனம் சொல்கிறார். நாலு என்று எழுதியது உன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டுவது உனக்குத் தொல்லையாக இருந்தது. அக்கா கேட்டாள் என்று ஒரு சாட்டுக் கிடைத்தது. அவ்வளவுதான்.

இரண்டு போகம் கண்ணை மூடித் திறக்க ஓடிவிடுமாம். உன் சம்பளம் மாதம் தவறாமல் வரும்போது அப்படித்தான் ஓடும். இரண்டு போகம் எருது இல்லாவிட்டால் காணி காடு பற்றும். காடு பற்றிய காணியைக் குடியேற்ற அதிகாரி திருப்பி எடுத்து வேறொருவருக்கு எழுதிக் கொடுப்பார். எட்டு வருஷம் நானும் அத்தானும் வேர் பிடுங்கி, பாம்புக் கடிக்குத் தப்பி, யானைக்குப் பந்தம் காட்டி எடுத்த நிலம் அது. நான் செய்யாத பிழைக்கு அதைக் கொடுத்துவிட்டு, தலையையும் குனியச் சொல்கிறாய்.

உன்னை மாட்டிவிட எனக்கு ஆசையில்லை. அதனால் ஒரு வழி சொல்கிறேன். 20ஆம் திகதி நீயே கோட்டுக்கு வா. நடந்ததை உன் வாயால் சொல். நானும் பக்கத்தில் நின்று, கேட்டது நான்தான் என்று சொல்வேன். உனக்கு என்ன வந்தாலும் அதில் பாதி எனக்கு.

அக்கா.


வவுனியா,
06.01.1955

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சாளுக்கு, அருந்ததி வணங்கி எழுதுவது. நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. நீங்களும் அண்ணரும் சுகமாக இருக்கக் கும்பிடுகிறேன்.

மச்சாள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவரைக் காட்டிக் கொடுத்துவிடாதேயுங்கோ. வேலை போனால் அரசாங்கம் தந்த குவாட்டசையும் விட வேண்டும். மூன்று பிள்ளைகளோடு எங்கே போவோம்? அவர் கெட்டவர் இல்லை. யாரிடமும் ஒரு தேங்காய்கூட வாங்காதவர் என்பது உங்களுக்குத் தெரியும். பயந்தவர், அவ்வளவுதான்.

அவர் படும் பாட்டை நான்தான் பார்க்கிறேன். உங்கள் வீட்டுத் திவசம் முடிந்து வந்த அடுத்த நாளே விதானையாரிடம் போயிருக்கிறார். துண்டுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்ததன் அடிக்கட்டையைப் பார்த்துவிட்டு, முகம் செத்துப்போய் வந்தார். "ஆக்கள் முப்பத்தாறு எருமைக்கு எழுதிப் போட்டாங்கள், ஒண்டுக்கும் ஊசி இல்லை, அக்காவின்ரை ஊருக்குத்தான் போகப்போகுது" என்று என்னிடம் சொல்லி அழுதார். அன்றிலிருந்து ஒழுங்கான சாப்பாடு இல்லை. இவ்வளவு வேதனைப்பட்ட மனிதரை நீங்களும் தண்டிக்க வேண்டுமா?

உங்கள் மச்சாள்,
அருந்ததி.


நாவலடிக்குளம்,
24.01.1955

தவராசாவுக்கு.

நீ கோட்டுக்கு வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து நொந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டின் திகதியைச் சொன்னேன். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டு வைக்கச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். மயில்வாகனம் எழுந்து, நான் அன்றே வந்து அறிவித்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். என் மேலிருந்த வழக்குத் தள்ளுபடியாயிற்று.

அப்புத்துரைக்கு என்ன நடந்தது என்று கேட்பாய். ஒன்றும் நடக்கவில்லை. "அரசாங்க உத்தியோகத்தர் கையெழுத்து வைச்ச துண்டு ஐயா. அதை நம்பினது என்ரை பிழையோ?" என்று கேட்டார். எல்லைப் பட்டியில் நிறுத்தாததற்கு, மழை என்றார். சங்கம் அனுமதித்தது என்றார். சங்கம் யார், அவர்தானே. வெளியே வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "தங்கச்சி, தம்பியை நல்லாய்த்தான் கவனிச்சிருக்கிறீர்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். எனக்கு அவர் முகத்தில் சேற்றை அள்ளி அடிக்க வேண்டும்போல இருந்தது. துண்டையும் உன்னைப் பற்றிய குறிப்பையும் உன் மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. பெரிய மீன் எல்லாம் வலைக்கு வெளியே. அகப்பட்டது நீ. வலையை வீசியது நான்.

சில நாளுக்கு முன் வரைக்கும், கோட்டில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்போமோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. உன் மனைவியின் கடிதம் வந்தது. உன்னைக் காப்பாற்ற எழுதினாள், பாவம். அதை வாசித்துத்தான் தெரிந்தது, நீ அக்டோபர் பதினாறாம் திகதியே அறிந்திருந்தாய். எருமைகள் இங்கே இறங்கியது முப்பதாம் திகதி. இடையில் பதினான்கு நாள். நாங்கள் எல்லைப் பட்டிக்கு வைத்த அதே பதினான்கு நாள். ஒரு தந்தி போதும் தம்பி. "எருமையை விடாதே" என்று இரண்டு சொல். என் பெயருக்கு அனுப்பியிருந்தால் நான் எல்லையில் குறுக்கே படுத்திருப்பேன். நீ அழுதாயாம். சோறு இறங்கவில்லையாம். அந்தப் பத்தொன்பதுக்கும் தண்ணீர்கூட இறங்கவில்லை.

புத்தகத்தைக் கொடுத்தது பிழை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அறிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு எனக்குத் தைலம் அனுப்பினாயே, அதை நான் எப்படிப் பொறுப்பேன்?

அன்னபாக்கியம்.


வவுனியா,
10.02.1955

அக்காவுக்கு.

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாத முடிவில் வீட்டை விட வேண்டும். அருந்ததியும் பிள்ளைகளும் அவளுடைய தாய்வீட்டுக்குப் போகிறார்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தந்தி அனுப்பப் போனேன். தபாற் கந்தோர் வாசல் வரைக்கும் போய், படிவத்தையும் வாங்கி, உங்கள் பெயரையும் எழுதினேன். அனுப்பினால் என் கையெழுத்தை நானே காட்டிக் கொடுப்பதாகும் என்று திரும்பி வந்துவிட்டேன். எருமைகள் ஒன்றும் ஆகாமல் போய்விடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

எனக்குப் போக்கிடம் இல்லை. உங்களிடம் வரலாமா?

தவராசா.


நாவலடிக்குளம்,
18.02.1955

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. அத்தானின் கால் வீக்கம் வற்றிவிட்டது. விதைத்த பாதியில் நெல் முற்றிவிட்டது. ஆள் போதாது. ஆனால் அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை.

வா. எனக்கு உன்மேல் உள்ள கோபம் தீரவில்லை. அது எப்போது தீரும் என்று எனக்கே தெரியாது. அதற்காக உன்னைத் தெருவில் விடமாட்டேன்.

காலை பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கு. நேரே என் வீட்டுக்கு வராதே. சந்தி மரத்தடியில் நான் நிற்பேன். முதலில் இலட்சுமி வீட்டுக்குப் போவோம். அவள் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் துண்டு கேட்டதைக் கோட்டில் சொன்ன நாளிலிருந்து அப்படித்தான், அவளுக்காகத்தான் கேட்டேன் என்று தெரிந்தும். அவள் முற்றத்தில் நின்று நீ யார், என்ன செய்தாய் என்று சொல். தந்திப் படிவத்தை வாங்கிவிட்டுத் திரும்பியதையும் சொல். அழாமல் சொல். அவள் வாய்க்கு வந்தபடி ஏசுவாள். விளக்குமாற்றை எடுத்தாலும் எடுப்பாள். நின்று வாங்கு. பிறகு நான் என் பங்கைச் சொல்வேன்.

அதற்குப் பிறகு மற்றப் பத்து வீடு. கடைசி வீடு என்னுடையது. அங்கே அத்தான் இருப்பார், அவருக்கும் சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகு கால் கழுவிவிட்டு உள்ளே வா, சோறு போடுகிறேன்.

அக்கா.